நற்செய்தி சொல்லாமல் விட்ட இடங்கள்: அரியலூர், பெரம்பலூர் மண்ணில் மறைநூல் சிந்தனை

1. கேள்வி

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர், திருமானூர் வழியாகத் தெற்கே இறங்கினால் கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் இந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடினார். இங்குள்ள அடைக்கல அன்னையின் ஆலயத்துக்கு வருகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், முழந்தாளிட்டு மன்றாடுகிறார்கள், மாதா குளத்தில் கால் நனைக்கிறார்கள். பெரும்பாலோர் கையில் செபமாலை இருக்கும். விவிலியம் இருப்பது அரிது. இதைக் கண்டு, இங்கே பக்தி உண்டு, நற்செய்தி இல்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர். வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கத்தோலிக்கக் குருக்களிடமும் படித்த பொதுநிலையினரிடமும் அந்த மனக்குறை உண்டு.

இந்த முடிவு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நற்செய்தியின் ஒரு பகுதியை எடுத்து, அதைத் தன் வீடு, வயல், கூலி, நோய், சாவு இவற்றின் நடுவே வைத்துச் சிந்திக்கும் பழக்கம் இம்மண்ணில் எப்படி வேர்விட்டது? அது நம்பிக்கையை ஆழப்படுத்தியதா, அல்லது ஆறுதல் தந்ததோடு நின்றுவிட்டதா?

என் துணிபைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நற்செய்தி நூல்கள் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது அதிகம். கொள்ளிடக் கரையின் கிறிஸ்தவச் சிந்தனை அந்த விடுபட்ட இடங்களில்தான் நடந்திருக்கிறது. அந்த இடங்களை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்று பார்த்தால், எங்கே நம்பிக்கை ஆழமாயிற்று, எங்கே மழுங்கிற்று என்பது தெரியும்.

2. இதுவரையான விளக்கங்கள்

சீர்திருத்தச் சபை மரபில் வந்த விளக்கம் நூலை அளவுகோலாக வைக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். அதே சோழநாட்டின் மேற்குப் பகுதியில், கொள்ளிடக் கரையில், கத்தோலிக்கர் கையில் அப்படி ஒரு நூல் இல்லை. வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரோடு வாதிட்டு ‘வேத விளக்கம்’ எழுதினார். அவர்களுடைய மொழிபெயர்ப்பின் தமிழ் கொச்சை என்று கடிந்தார். அவர் தமிழில் குறை சொல்ல எவருக்கும் துணிவு வராது. ஆனால் அந்தக் கொச்சைத் தமிழ் நூலுக்கு மாற்றாக ஒரு செந்தமிழ் விவிலியத்தை அவர் தரவில்லை என்பதும் உண்மை. குற்றச்சாட்டுக்கு வலு உண்டு, தள்ளிவிட முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபைக்குள் வழங்கும் விளக்கம் வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டைப் பற்றியும் 1965இல் இறைவெளிப்பாட்டைப் பற்றியும் ஏடுகள் வெளியிட்ட பின்னரே பொதுநிலையினர் மறைநூலைத் தங்களுடையதாகக் கொள்ளத் தொடங்கினர் என்பது அது. இலத்தீனில் நடந்த பூசை தமிழுக்கு வந்தது. 1969இல் மூன்றாண்டுச் சுழற்சி கொண்ட புதிய வாசக ஒழுங்கு வந்தது. 1995இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. இந்த விளக்கத்தின்படி அதற்கு முந்தைய 250 ஆண்டுகள் ஒரு காத்திருப்புக் காலம்.

இலக்கிய ஆய்வாளர்களோ வீரமாமுனிவரைக் காப்பியப் புலவராகவும், அகராதிக்கும் உரைநடைக்கும் முன்னோடியாகவும் காண்கிறார்கள். அவருடைய தேம்பாவணியின் சந்தமும் உவமையும் அவர்களுக்குப் போதும். அது ஒரு செபத்தின் விளைவு என்பது பேசப்படுவதில்லை.

மூன்று விளக்கமும் நற்செய்திச் சிந்தனை என்றால் அச்சிட்ட நூலைக் கையில் பிடித்து வாசிப்பது என்று எடுத்துக்கொள்கின்றன. எழுத்தறிவு ஒரு சிலருக்கே வாய்த்த நாட்டில், கேட்டும் பார்த்தும் பாடியும் சிந்திப்பது சிந்தனை ஆகாதா?

3. வழி அகலமா, ஒடுக்கமா

வீரமாமுனிவர் இயேசு சபைத் துறவி. இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680இல் பிறந்து 1711இல் தமிழகம் வந்தவர். இயற்பெயர் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. தமிழ் கற்பதற்கு முன் அவர் கற்ற முதல் பாடம் அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அந்தச் சிறு நூல், நற்செய்தியைச் சிந்திக்க ஒரு முறை சொல்லித் தருகிறது. அதை உள்ளூர நடத்திப் பார்க்காமல் எந்த இயேசு சபையாரும் துறவு வாழ்வில் நிலைத்ததில்லை.

அந்த முறை எளியது. கிறிஸ்து பிறப்பைச் சிந்திக்கப் போகிறாயா, முதலில் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் பாதையை மனக்கண்ணால் பார் என்கிறார் இஞ்ஞாசியார். அது எவ்வளவு தூரம்? அகலமா, ஒடுக்கமா? சமவெளியா, மேடுபள்ளமா? குழந்தை பிறந்த குகை தாழ்வானதா, உயர்ந்ததா? இடத்தைக் கண்டபின் ஆட்களைப் பார், பேசுவதைக் கேள், மணத்தையும் சுவையையும் உணர். நீயும் அங்கே போய், ஓர் ஏழை அடிமையாக நின்று அவர்களுக்குப் பணிவிடை செய்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லூக்கா எழுதிய பயணத்தில் கழுதை இல்லை, வேலைக்காரப் பெண்ணும் இல்லை. இஞ்ஞாசியார் தம் தியானத்தில் மரியாவைக் கழுதைமேல் ஏற்றுகிறார், ஒரு வேலைக்காரப் பெண்ணையும் கூட அனுப்புகிறார். நற்செய்தி விட்ட இடத்தை நிரப்புவது பிழை என்று அவர் நினைக்கவில்லை. அது அவருக்குச் செபம்.

இந்த முறையைக் கற்ற ஒருவர் தமிழ் யாப்பிலும் காப்பிய இலக்கணத்திலும் தோய்ந்தால் என்ன ஆகும்? தமிழ்க் காப்பியம் கதையில் தொடங்குவதில்லை. நாட்டுப் படலத்தில் தொடங்கும். மழை பெய்யும், ஆறு பெருகும், மடை உடையும், வயல் விளையும், பிறகு நகரம், பிறகே தலைவன். இஞ்ஞாசியார் இடத்தை முதலில் பார் என்கிறார். கம்பனும் சீவக சிந்தாமணியும் நாட்டை முதலில் பாடு என்கின்றன. இரண்டு மரபுகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வாசலில் வந்து நின்றன. தேம்பாவணியின் நாட்டுப் படலத்தில் யூதேயா நீர்வளமும் நெல்வளமும் கொண்ட மருத நிலமாகிவிடுகிறது. கொள்ளிடக் கரையில் அமர்ந்து பெத்லகேம் பாதையை மனக்கண்ணால் பார்த்தவருக்கு வரப்பும் வாய்க்காலும் தெரிந்ததில் வியப்பில்லை. இலக்கிய ஆய்வாளர்கள் இதைக் காப்பிய மரபுக்குப் பணிந்தது என்பார்கள். நான் இதை ஒரு துறவியின் தியானம் தன் கண்முன் இருந்த மண்ணை எடுத்துக்கொண்டது என்றே வாசிக்கிறேன்.

4. சூசையப்பர் பேசவில்லை

1726இல் முடிந்ததாகக் கொள்ளப்படும் தேம்பாவணியில் 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். தலைவன் சூசையப்பர். அவரை வளன் என்கிறார் முனிவர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரில் பெருக்கம், வளர்ச்சி என்ற பொருள் இருப்பதால் வந்த தமிழ்ப் பெயர் அது.

நான்கு நற்செய்திகளையும் எடுத்துத் தேடிப் பாருங்கள். சூசையப்பர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மாற்கு அவர் பெயரையே எழுதவில்லை. யோவானில் இயேசுவை யோசேப்பின் மகன் என்று பிறர் குறிப்பிடுவதோடு சரி. மத்தேயுதான் கொஞ்சம் சொல்கிறார்: அவர் நேர்மையாளர், மனைவியாகப் போகிறவள் கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்தும் அவளை ஊரறிய இழிவுபடுத்த மனமில்லாதவர், நான்கு முறை கனவில் வழிகாட்டப்பட்டவர், ஒவ்வொரு முறையும் எழுந்து, சொன்னபடி செய்தவர். இந்தச் சில வரிகளிலிருந்து 3615 பாடல்கள் எழுந்தன. ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆக்ரேதா மரியாவின் நூல் இதற்கு மூலமாக இருந்தது என்பது ஆய்வாளர் அறிந்தது. ஆனால் அதிலும் மையம் மரியாதான். பேசாத தச்சரை நடுவே கொண்டுவந்து நிறுத்தியது முனிவரின் சொந்தத் தெரிவு.

தன்னிகரற்றவனே காப்பியத் தலைவனாக வேண்டும் என்பது தமிழ் அணியிலக்கணம். அரசனோ அவதாரமோ வீரனோ அமர்ந்த இருக்கையில் உளியும் கொட்டாப்புளியும் பிடித்த கையைக் கொண்டுவந்து வைப்பது சாதாரணச் செயல் ஆகாது. உழைப்பவரைத் தாழ்த்தி வைத்த சமுதாயத்தில் நற்செய்தியை வாசித்ததன் விளைவாக இதைக் காண இடம் உண்டு. அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காப்பியம் தச்சரைவிடத் தாவீதின் வழித்தோன்றலை உயர்த்திப் பிடிக்கிறது. மத்தேயு 1:20இல் வானதூதர் அவரைத் தாவீதின் மகன் என்று அழைப்பதால் அதற்குச் சான்றும் கிடைத்துவிடுகிறது. அரச குலம் இல்லாமல் தலைவனை ஏற்காத காப்பிய மரபு இங்கே நற்செய்தியைக் கொஞ்சம் வளைத்துவிட்டது என்றே எண்ணுகிறேன். நாசரேத்து மக்கள், இவர் தச்சர் அல்லவா என்று முகம் சுளித்துக் கேட்ட கேள்வியின் கூர்மை, அரச குலப் பெருமையில் மழுங்குகிறது.

இன்னொரு விடுபட்ட இடத்தில் முனிவர் வெகு ஆழமாகப் போகிறார். திருமுழுக்கு யோவானைப் பற்றி லூக்கா 1:80 ஒரே வரியில் முடிக்கிறது: குழந்தை வளர்ந்து, வெளிப்படும் நாள்வரை பாலைநிலத்தில் இருந்தது. வயதான காலத்தில் பெற்ற தாய் என்ன ஆனாள்? லூக்கா சொல்லவில்லை. தேம்பாவணியில் யோவானுக்குக் கருணையன் என்று பெயர். கானகத்தில் தாய் எலிசபெத்து இறந்துபோக, அடக்கம் செய்துவிட்டு அச்சிறுவன் தனியே நின்று அழுகிறான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இந்தப் பகுதி இடம்பெற்றது. எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் அது புரிந்தது. தாயை இழந்த பிள்ளையின் அழுகைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இப்படித்தான் சிலுவையடியும். யோவான் 19:25 மரியா சிலுவையருகே நின்றார் என்று மட்டும் சொல்கிறது. அழுதார் என்று சொல்லவில்லை. மகன் பிணத்தருகே தாய் வாய்விட்டுப் புலம்பாமல் இருப்பதைத் தமிழ் மனம் ஏற்காது. முனிவர் ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ பாடினார். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் ‘வியாகுல பிரசங்கம்’ எழுதினார். தவக்காலத்தில் அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர் அதைப் பாடி வந்தார்கள். ஒப்பாரி தெரிந்த மக்கள், நற்செய்தியின் மௌனத்துக்குள் ஒப்பாரியோடு போனார்கள். இழவு வீட்டில் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுத பெண்ணுக்குப் புனித வெள்ளி எவரும் சொல்லிக்கொடுத்துத் தெரியவேண்டிய ஒன்றாக இருந்திருக்காது.

5. வேதியர்

தேம்பாவணி செந்தமிழ். தாமே உரை எழுத வேண்டிய அளவுக்கு அது கடினம் என்று முனிவருக்கே தெரிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது அச்சேறவில்லை. ஆகவே கொள்ளிடக் கரைக் குடியானவர் தேம்பாவணியைக் கொண்டு நற்செய்தியைச் சிந்தித்தார் என்று சொன்னால் அது மிகை. அவருக்கும் நற்செய்திக்கும் நடுவே நின்றவர் வேதியர். ஊர்வழக்கில் உபதேசியார்.

ஒரு குருவுக்குப் பல பத்து ஊர்கள். ஆண்டில் ஓரிரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, சாகிறவர் தலைமாட்டில் உட்கார்ந்தவர் வேதியர். அவருக்காகவே 1727இல் வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். தமிழ் உரைநடை வரலாற்றில் இந்நூலுக்கு உள்ள இடம் பலரும் பேசியது. எனக்கு முக்கியமாகப் படுவது, அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பது. பண்டிதரை நோக்கி அல்லாமல், வெயிலில் ஊர் ஊராக நடக்கும் ஒருவரை நோக்கிப் பேசுகிறது. பிறருக்குச் சொல்வதற்கு முன் நீ அதன்படி நில் என்று வற்புறுத்துகிறது.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. பழைய மதுரை மறைபணித்தளம் ஆளில்லாமல் தளர்ந்தது. 1838இல் இயேசு சபையார் மீண்டும் வரும்வரை பல ஊர்களில் நம்பிக்கை அணையாமல் இருந்ததென்றால், வேதியரும் குடும்பச் செபமும் பாட்டும் அம்மானையும் அதைக் காத்தன. நூலில்லாமல் நம்பிக்கை நிற்காது என்பவர்கள் இந்தக் காலத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

ஏலாக்குறிச்சியின் தல வரலாற்றையும் இங்கே நினைக்கலாம். அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை என்ற கட்டி வந்து மருத்துவர் கைவிட்டபோது, முனிவர் பச்சிலையோடு மண்ணைக் குழைத்துப் பூசக் குணமானது என்றும், மன்னர் ஆலயத்துக்கு நிலம் கொடுத்தார் என்றும் மரபு சொல்கிறது. யோவான் 9இல் இயேசு சேறு உண்டாக்கிப் பார்வையற்றவர் கண்ணில் பூசிக் குளத்தில் கழுவச் சொல்கிறார். மண், பூச்சு, குளம், குணம். விவிலியம் கையில் இல்லாத மக்கள் தங்கள் ஊரின் கதையை நற்செய்தியின் சாயலில் நினைவில் வைத்திருக்கிறார்கள். காதால் கேட்ட நற்செய்தி அவர்களுடைய நினைவின் அச்சாகவே மாறிவிட்டதற்கு இதைவிடச் சான்று தேவையா?

6. நூல் கைக்கு வந்த பிறகு

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் பங்குகள் பல 1899இல் உருவான குடந்தை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய மாற்றங்கள் தமிழகத்தின் மற்றப் பகுதிகளைப் போலவே இங்கும் வந்தன. ஞாயிறு வாசகங்கள் தமிழில் ஒலித்தன. பங்கு, அன்பியங்களாகப் பிரிந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டார் ஒரு வீட்டில் கூடி, நற்செய்திப் பகுதியை வாசித்து, மனத்தில் பட்ட சொல்லை உரக்கச் சொல்லி, அமைதி காத்து, பகிர்ந்து, செய்ய வேண்டியதை முடிவு செய்யும் ஏழு படி முறை பரவிற்று. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவான முறை அது. விவசாயக் கூலிகளும் தையற்காரப் பெண்களும் மறைநூல் பற்றி வாய் திறந்து பேசும் இடம் இதற்கு முன் இருந்ததில்லை. வேதியர் பேசக் கேட்டவர்கள் தாங்களே பேசினார்கள். இந்த மாற்றத்தை நான் சிறிதென்று எண்ணவில்லை.

ஆயினும் இழந்தது ஒன்று உண்டு. பகிர்வு என்ற பெயரில் பல நேரம் நடப்பது, பூசையில் கேட்ட மறையுரையைத் திருப்பிச் சொல்வது. மன்னிக்க வேண்டும், அன்பு செய்ய வேண்டும், விசுவாசம் வேண்டும் என்று எந்தப் பகுதிக்கும் பொருந்தும் விடைகள் வருகின்றன. பாதை அகலமா, ஒடுக்கமா என்று எவரும் கேட்பதில்லை. பழைய மரபில் இருந்த இடமும் உடலும் ஒப்பாரியும் புதிய மரபில் உதிர்ந்துவிட்டன. கருத்து மட்டும் எஞ்சியது. நூல் கைக்கு வந்தது. வயல் கையைவிட்டுப் போயிற்று.

விதைப்பவர் உவமையை எடுத்துக்கொள்வோம். கல்லில் விழுந்த விதை கடின மனம் என்று மறைக்கல்வி வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பெரம்பலூர்க் கரிசலில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவருக்கு அந்த உவமை வேறுவிதமாகச் சுட வேண்டும். வானத்தைப் பார்த்து விதைத்தவர் அவர். கடன் வாங்கிய விதை முளைக்காமல் போன ஆண்டுகள் அவருக்கு நினைவிருக்கும். மாற்கு 4:26 முதல் வரும் இன்னொரு சிறிய உவமை மற்ற நற்செய்திகளில் இல்லை: விதைத்தவர் இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார், விதை முளைத்து வளர்கிறது, எப்படி என்று அவருக்குத் தெரியாது. மழைக்காகப் படுக்கையில் புரண்டவர் இதைக் கேட்டால் முதலில் எழுவது அமைதியா, கோபமா? அந்தக் கோபத்தைப் பகிர்வில் சொல்ல இடம் இருந்தால்தான் அது சிந்தனை.

7. முந்திரித் தோப்பில் ஒரு நாள் கூலி

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகள். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம். இரண்டிலும் அன்றாடக் கூலிதான் கைமுதல். மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்ட உவமையை இங்கே வைத்து வாசிக்கிறேன்.

தோட்டக்காரர் விடியலில் ஆள் பிடிக்கிறார். ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாக மாலை ஐந்து மணிக்கும். ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். கூலி கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரு தெனாரியம். அது அன்றைய ஒரு நாள் கூலி.

மரபான விளக்கம், முதலில் அழைக்கப்பட்டவர் இஸ்ரயேலர், கடைசியில் வந்தவர் பிற இனத்தார் என்பது. அருள் இலவசம் என்பது இன்னொன்று. இரண்டும் சரியே. ஆனால் கூலிக்குப் போனவர் முதலில் கேட்பது: ஐந்து மணி வரை ஆள் பிடிக்காமல் விட்டுப்போனவர்கள் யார்? மேஸ்திரி எவரை விடுவார்? வயதானவரை, முதுகு வளைந்தவரை, கைக்குழந்தைக்காரியை. அவர்கள் சோம்பி நிற்கவில்லை, கழித்துவிடப்பட்டவர்கள். இந்த ஒரு விவரத்தை வேதநூல் விளக்கவுரைகள் பல தாண்டிப் போய்விடுகின்றன. நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

அடுத்து, முதலில் வந்தவர்களின் முறையீடு. கூலி குறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. பேசிய கூலி கிடைத்துவிட்டது. அவர்களை எங்களுக்கு இணையாக்கிவிட்டீரே என்பதே 20:12இல் அவர்கள் ஆற்றாமை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று இருக்கும் களத்தில், ஊருக்கு ஒரு தெரு, சேரிக்கு ஒரு தெரு என்று இருக்கும் பங்கில், இந்த வரி வேறெங்கையும்விட இங்கே கூர்மையாகக் குத்துகிறது. பணம் போனால் பொறுத்துக்கொள்ளலாம். இணையாக்கினால் பொறுக்க முடியாது.

8. கிணற்றடி

பழைய மதுரை மறைபணித்தளம் சாதியோடு சமரசம் செய்துகொண்டது. உயர்சாதியாருக்கு ஒருவகைத் துறவி, மற்றவர்க்குப் பண்டாரசாமி என்று குருக்களே இருவகையாக நின்றார்கள். இஞ்ஞாசியார் தியானத்தில் தன்னை ஏழை அடிமையாகக் கற்பனை செய்யச் சொன்னார். கொள்ளிடக் கரைப் பண்ணையாள் அதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவர் அதுவாகவே வாழ்ந்தார். கற்பனையில் அடிமையாக நின்று குழந்தை இயேசுவுக்குப் பணிவிடை செய்தவர், தியானம் முடிந்து எழுந்து தன் வாசலில் நின்ற பண்ணையாளை எப்படிப் பார்த்தார்? தியானம் ஆழமா, மேலோட்டமா என்பதை அளக்க எனக்கு இதைவிட நேரான சோதனை தெரியவில்லை.

இது பழங்கதை ஆகிவிடவும் இல்லை. பெரம்பலூருக்கு வடக்கே, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூரில், 2008 மார்ச்சில் ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர் சாதியால் மோதிக்கொண்டார்கள். காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். இருதரப்பாரும் ஒரே தவக்கால வாசகங்களைக் கேட்டவர்கள். சாம்பல் புதனன்று ஒரே சாம்பலைப் பூசிக்கொண்டவர்கள்.

வாசக ஒழுங்கின் முதல் ஆண்டில் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு வாசிக்கப்படுவது யோவான் 4, சமாரியப் பெண். இந்தப் பகுதிக்கு மறையுரைகளில் வழக்கமாகக் கிடைப்பது அவளுடைய ஐந்து கணவர்களைப் பற்றிய பேச்சு. நற்செய்தியாளர் அவளைப் பாவி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்த இடத்தை நாம் நம்முடைய பழிச்சொல்லால் நிரப்பிவிட்டோம். விடுபட்ட இடத்தைத் தப்பாக நிரப்புவதற்கு இது எடுத்துக்காட்டு.

யோவான் சொல்லியிருப்பதைப் பார்ப்போம். நண்பகல். நடந்து களைத்தவர் கிணற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறார். மொள்ளுவதற்கு அவரிடம் ஏனம் இல்லை. கேணி ஆழம். குடத்தோடு வந்தவளிடம், குடிக்கத் தண்ணீர் கொடு என்கிறார். அவள் திடுக்கிட்டு, நீர் யூதர், நான் சமாரியப் பெண், என்னிடம் எப்படித் தண்ணீர் கேட்கிறீர் என்கிறாள். யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியாளர் விளக்கம் சேர்க்கிறார். ஒரே ஏனத்தைப் பயன்படுத்தமாட்டார்கள் என்றும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் கொள்வதுண்டு. இரட்டைக் குவளை என்ற சொல்லை அறிந்த தமிழருக்கு இந்த அடிக்குறிப்பு வேண்டாம். யார் கிணற்றில் யார் மொள்வது, யார் கையால் யார் குடிப்பது என்பதற்காக அடி வாங்கியவர்கள் வாழ்ந்த மண் இது. வீரமாமுனிவரின் நாட்டுப் படலம் யூதேயாவுக்குக் கொள்ளிடத்து நீரைக் கொண்டுபோயிற்று. யோவானின் கிணற்றை இங்கே கொண்டுவந்தால் இன்னொரு வகை நாட்டுப் படலம் கிடைக்கும். அதில் வளம் இராது. தாகமும் தீட்டும் இருக்கும்.

அந்தப் பகுதியை ஓர் அன்பியத்தில் வாசித்தால், முதலில் கேட்கத்தக்க கேள்வி ஒன்று இருக்கிறது. 4:28இல் அந்தப் பெண் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். உணவோடு வந்திருந்த சீடர்கள், ரபி, உண்ணும் என்கிறார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. தண்ணீர் கேட்டவர் குடித்தாரா? யோவான் சொல்லவில்லை. குடம் கிணற்றடியில் இருக்கிறது. அதை எடுத்து, தன் கையால் மொண்டு, அவர் கையில் ஊற்றியது யார் என்பதும் சொல்லப்படவில்லை.